தொட்டிக்கு மேலே யானைத் துப்பாக்கி

தொட்டி கொதி வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போன ஆறுச்சாமி, போகிற போக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அதில் உட்கார்ந்த கோதண்டபாணிக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை, முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டப வாசலில் நிற்கிற பெண்ணின் அப்பா மாதிரி கையும் காலும் தனித்தனியாக ஆடின. எழுபத்தாறு வயசில் இப்படி ஆடக்கூடாதுதான், ஆனால் எழுபத்தாறு வருஷத்தில் இன்றைக்குத்தானே அவருடைய யானைத் துப்பாக்கி புதுக்கறுப்பு உடுத்தப் போகிறது, நாளைக்கு ஆயுத பூஜை, வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று, பூசணிக்காய் வந்தாயிற்று, மாப்பிள்ளை பூபதியின் பட்டறையில் லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் வைக்கிற வரிசையில் நடுநாயகமாக இந்த இரட்டைக்குழல் உட்காரும், மகள் சுகந்தி ஒரு செவ்வந்தி மாலையை அதற்கென்றே தனியாகச் சொல்லி வைத்திருக்கிறாள். குழல் ரெண்டும் இப்போது கட்டையிலிருந்து பிரிந்து, பம்ப்செட் ஷாஃப்டுகளோடு ஷாஃப்டாக, இரும்புச் சட்டத்தில் கம்பி கட்டித் தொங்குகிறது, மேலே சங்கிலி, கீழே தொட்டி, தொட்டிக்குள் இரும்பைக் கறுப்பாக்குகிற காஸ்டிக் சோடா, தொட்டிக்கு அடியில் நீலமாகச் சீறுகிற அடுப்பு. கட்டை மட்டும் அவர் மடியில். வால்நட் கட்டை, விரல் படப்பட மஞ்சளும் கறுப்புமாகப் புலி புரள்கிற மாதிரி ரேகை ஓடுகிறது, எத்தனை தடவை தடவினாலும் இன்னொரு தடவை கேட்கிறது, கிழட்டுப் பூனை. தொட்டியில் முங்கி எழுந்தால் குழல் காக்கைச் சிறகு மாதிரி மின்னுமுங்க மாமா என்று பூபதி சொன்னதிலிருந்து ரெண்டு மாசமாக அவருக்குத் தூக்கமில்லை. அவன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான், இவர்தான் பிடித்துக்கொண்டார், எப்போ முக்கலாம், எப்போ முக்கலாம் என்று போன் மேல் போன், பூஜைக்கு முன்னால் ஆகணும், ஆகலைன்னா நான் குன்னூர்லேருந்து வரவே மாட்டேன்.

காக்கைச் சிறகு. குழல் வாயின் அளவு ஐந்நூத்தி எழுபத்தேழு. சொல்லும்போதே வாய் நிறைகிறது, ஒரு கொழுக்கட்டையை முழுசாக வைத்த மாதிரி. தோட்டாவே கட்டைவிரல் தடிமன், அதை உள்ளே இறக்கி மூடினால் ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், ‘க்ளப்’, நல்ல செட்டிநாட்டு வீட்டுக் கதவு சாத்துகிற சத்தத்தை ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் அடைத்த மாதிரி, காற்றுகூட ‘ஐயா நான் வெளியே மாட்டிக்கொண்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற மூடல். பர்மிங்காமில் ட்ரஸ்காட் என்று ஒரு கிழவன் செய்தது. கிழவன் என்பது கோதண்டபாணியின் ஏற்பாடு, குமரனாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு பொறுமை குமரனுக்கு எங்கே வரும், இந்தத் திருகாணிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல், அத்தனை கீறலும் குழல் ஓடுகிற திசைக்கே ஓடுகிறது, ஒன்றுகூடக் குறுக்கே நிற்காது, பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் விளக்குப் புகையைப் பூசுவானாம், பூசி மூடித் திறந்தால் எங்கே உரசுகிறதோ அங்கே மை ஒட்டும், ஒட்டின இடத்தை மட்டும் அரத்தால் ஒரு முத்தம், மறுபடி புகை, மறுபடி மூடல், நம் வீட்டில் பிள்ளைக்கு மை தீட்டுகிற அதே மைதான், நாள்கணக்கில், வாரக்கணக்கில், கடைசியில் எல்லா இடமும் ஒரே மாதிரி கறுக்கும்வரை. அந்த மை இடுக்கில் இன்னும் இருக்கிறது, அவர் ஊசியால் எடுத்துப் பார்த்திருக்கிறார், சத்தியமாக. எடுத்துப் பேரனுக்குக் கன்னத்தில் பொட்டு வைத்தார் என்பது மட்டும் கொஞ்சம் கூடுதல். விசைக்கு மேலே தகட்டில் யானை ஒன்று செதுக்கியிருக்கிறான், அதுதான் கோதண்டபாணிக்கு உயிர், பாவம், அந்தச் செதுக்குக்காரன் யானையையே பார்த்ததில்லை போலிருக்கிறது, காது முயலுக்கு, முதுகு பன்றிக்கு, தும்பிக்கை மட்டும் வீட்டில் கிடந்த ஏதோ ரப்பர் குழாயைப் பார்த்துச் செய்தது, ஆனால் அதன் காலடியில் புல் இருக்கிறதே, ஒவ்வொரு புல்லும் தனித்தனி, காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து. புல்லை அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததை எப்படிச் செய்திருக்கிறான்! பார்க்காததையும் துணிந்து செய்திருக்கிறான், அந்தத் துணிச்சலில்தான் அவன் நம்ம ஆள்.

நம்ம ஆள்தான், ஏனென்றால் கோதண்டபாணியும் பார்க்காததைத் துணிந்து சொல்கிறவர், அவருடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் இந்தத் துப்பாக்கியை வாங்கி வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சேர்த்தால் நீலகிரி மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை. அப்பா சுட்ட குண்டு ஒற்றைக்கொம்பன் யானைக்குள் புகுந்து, வெளியே வந்து, ஒரு பலாமரத்தைத் துளைத்து, பாறையில் பட்டு, திரும்பி வந்து அதே யானையைப் பின்னால் தட்டியது, யானை, சுடுகிறது இரண்டு பேர் என்று நினைத்துச் சரணடைந்தது. முதல்முதலாகத் தான் சுட்டபோது உதைத்த உதையில் குன்னூரிலிருந்து பறந்து மேட்டுப்பாளையத்தில் ஒரு மொட்டை மாடியில் விழுந்தார், அங்கே கமலவேணி வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வடகம் பாழானதற்கு வேறு வழியில்லாமல் கல்யாணம் செய்து வைத்தார்கள். இதை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னார், பூபதி காப்பியைச் சிந்திக்கொண்டு சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இவன் சரி என்று முடிவு செய்தார். ஆனால் உதை நிஜம். உதை என்றால் உதை, தோளில் கோயில் தேர் முட்டின மாதிரி. ஒரு தைல மரத்தைக் குறிபார்த்து வலதும் இடதுமாக ரெண்டும் சுட்டார், மல்லாந்து விழுந்தார், எழுந்து போய்ப் பார்த்தால் ரெண்டு ஓட்டையும் ஒரு தேங்காய்மூடிக்குள் அடங்குகிற நெருக்கம். அங்கேதான் ஐயா அதிசயம். ரெண்டு குழல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ரெண்டு குண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும் என்று நாம் நினைப்போம், போகாது, உதைக்கிற உதையில் வலது வலப்பக்கம் ஓடும், இடது இடப்பக்கம் ஓடும், மாமியாரும் மருமகளும் மாதிரி. அதனால் ட்ரஸ்காட் கிழவன் ரெண்டு குழலையும் நேராக வைக்கவே மாட்டான், முனையில் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி, கொஞ்சூண்டு மாறுகண், அதிலும் எவ்வளவு மாறுகண் என்று எந்தக் கணக்கும் சொல்லாது, சுட்டுத்தான் பார்க்கணும், சுட்டு, தாளில் ஓட்டையைப் பார்த்து, முனையைச் சூடு காட்டி, இளக்கி, நடுவில் இருக்கிற ஆப்பை ஒரு நூல் தள்ளி, ஆறவிட்டு, மறுபடி சுட்டு, மறுபடி இளக்கி, சண்டைக்காரர் ரெண்டு பேரையும் ஒரே தேங்காய்மூடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவரை.

இளக்கி. இந்த இடத்தில் என்னமோ ஒன்று மாட்டியது, பல்லிடுக்கில் பலாச்சுளை நார் மாதிரி, நாக்கு போய்ப் போய் அங்கேயே தடவுகிறது, என்ன அது. இளக்கி, ஆறவிட்டு. ஒன்றுமில்லை, சந்தோஷத்தில் வருகிற படபடப்பு, பிரஷர் மாத்திரை போட்டோமா, போட்டோம். அடுப்பு சீறுகிறது, தொட்டியின் மேல்பரப்பு முதலில் வியர்த்தது, இப்போது ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கண் திறக்கிறது, இதுவும் ஒரு சமையல்தான், ஆறுச்சாமி அவ்வப்போது வந்து சூடுகாட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான், கொழுக்கட்டை வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி, அவனுக்கு என்ன, அவனுக்கு இது நாளைக்குப் பூஜைக்கு முன்னால் முடிக்க வேண்டிய கடைசி ஈடு. இதில் இரும்பு ஒன்றுதான் நிற்குமுங்க ஐயா, போன மாசம் எவனோ டிபன் காரியர் மூடியைத் தவறவிட்டான், அலுமினியம், பாயசத்தில் சர்க்கரை மாதிரி போயிருச்சுங்க, எடுக்கப் போனால் கைப்பிடி ஆணி மட்டும் கிடந்தது என்றான் காலையில். நல்ல கப்ஸா என்று இவர் மனசுக்குள் மார்க் போட்டார். இரும்பு ஒன்றுதான் நிற்கும். நம்முடையது இரும்புதானே, இரும்புக்கு இரும்பு, உருக்கு, கவலை என்ன. இளக்கி. அட, போகமாட்டேன் என்கிறதே. அந்தக் காலத்துக் கறுப்பு இப்படித் தொட்டியில் முக்கி வருவதில்லை, துருப்பிடிக்க வைத்து, துருவை வெந்நீரில் கறுக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து, ஏன் அவ்வளவு சுற்றி வளைத்தான், அவனுக்குத் தெரியாத காஸ்டிக்கா, பொழுது போகாமலா, சோம்பேறியா அவன், இல்லை, அவன் எதையும் காரணமில்லாமல் சுற்றி வளைக்கிறவன் இல்லை, ஒரு கீறலைக் குறுக்கே விடாதவன். அப்புறம் ஏன். பட்டறையின் அந்தக் கோடியில் யாரோ சாப்பாட்டு அடுக்கைப் பிரித்தார்கள், மிளகும் சீரகமுமாக ரச வாசனை, எண்ணெய்ப் புகையையும் மீறிக்கொண்டு ஒரு கோடு போட்டு மூக்குக்கு வந்தது. ரசம் என்றால் கமலவேணியின் ரசம், அவள் போய்ச் சேர்ந்த பிறகு எந்த ரசமும் ரசமில்லை, ஈயச்சொம்பில் வைப்பாள், அந்தச் சொம்பு அவள் அம்மா கொடுத்தது, ஒருநாள் இவர் துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் காய்ச்சுகிற அவசரத்தில் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, அப்பா யானை சுட்ட கதையைப் பால்காரனுக்குச் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டார், திரும்பி வந்தால் சொம்பு இல்லை, பர்னரைச் சுற்றி வெள்ளியாக ஒரு குளம், அவள் அந்தக் குளம் ஆறினதும் கரண்டியால் நெம்பி எடுத்து, தட்டில் வைத்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் முன்னால் வைத்தாள், ‘ரசம்’ என்றாள். ஈயம் அப்படித்தான், நிற்காது, இளகிவிடும்.

இளகிவிடும். ஈயம். கோதண்டபாணிக்கு உச்சந்தலையில் யாரோ ஒரு குடம் ஐஸ் தண்ணீரைக் கொட்டினார்கள். இளக்கி, ஆப்பைத் தள்ளி, ஆறவிட்டு, எதை இளக்கினான் கிழவன், உருக்கையா, ஈயத்தை. குழலுக்கும் குழலுக்கும் நடுவில் மேலும் கீழும் ஓடுகிற பட்டை, முனையில் ஆப்பு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப்பற்று, வெளியே ஒரு பொட்டுகூடத் தெரியாமல், அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம், தெரியாததால்தான் மறந்து தொலைந்தது. அலுமினிய மூடி பாயசத்தில் சர்க்கரையானால் ஈயம் என்ன ஆகும். உள்ளே புகுந்து அரிக்கும், மெதுவாக, இன்றைக்குத் தெரியாது, நாளைக்குச் சந்தனப் பொட்டோடு காக்கைச் சிறகு மாதிரி பளபளவென்று உட்காரும், அடுத்த மாசம் பட்டை கழன்று கையில் வரும், சண்டைக்காரர் ரெண்டு பேரும் அவரவர் பக்கம் போய்விடுவார்கள், உலகத்தில் எந்த மனுஷனாலும் இனி அவர்களைச் சேர்த்து வைக்க முடியாது, ட்ரஸ்காட் கிழவன் சுட்டுச் சுட்டுச் சேர்த்ததை நான் பூசணிக்காய் உடைக்கிற அவசரத்தில், நான், நானே கேட்டு, போன் மேல் போன் போட்டு. அந்த நேரம் பார்த்துத்தான் ஆறுச்சாமி சூடுகாட்டியைப் பார்த்துக் கையைத் தட்டினான், ‘கொதி வந்துருச்சுங்கோ!’ நாலைந்து பேர் கூடினார்கள், சங்கிலி கடகடவென்று பேச ஆரம்பித்தது, சட்டம் இறங்கியது.

“நிறுத்து! ஆறுச்சாமி, நிறுத்தய்யா! பூபதி, இறக்க வேண்டாம்னு சொல்லு!”

பூபதி கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான். “ஏனுங் மாமா?”

“ரெண்டு குழலையும் ஈயத்துல ஒட்டியிருக்கான். உன் காஸ்டிக்ல ஈயம் நிக்காது.”

சிரிப்பு, ஆறுச்சாமிதான் முதலில். “ஈயத்துலயாங்க? யானை சுடற துப்பாக்கியவா? எங்கூட்டு ரசச் சொம்பு மாதிரியா?”

“அதே ஈயம்தான்யா! சுட்டுப் பார்த்து, முனையை இளக்கி, உள்ளே ஒரு ஆப்பைத் தள்ளி, ரெண்டு குழலும் ஒன்னையொன்னு பார்க்கிற மாதிரி...”

“துப்பாக்கிக்கு மாறுகண்ணுங்களா?” பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். இன்னொரு சிரிப்பு.

“ஐயா,” என்றான் ஆறுச்சாமி, சங்கிலியை விடாமல், “குண்டு திரும்பி வந்து யானையப் பின்னால தட்டுச்சுன்னு போன பூசைக்குச் சொன்னீங்க, நா நம்புனனுங்க. மேட்டுப்பாளையத்து மாடியக்கூட நம்புனனுங்க. இது கொஞ்சம் ஓவருங்க.”

“மாப்ளே, விளையாட்டில்லப்பா.”

“மாமா, போன வருசம் இதே மாதிரிதானுங்க, தொட்டிக்குள்ள பாம்புன்னு கத்தி ஒரு ஈடு ஷாஃப்டையே பாழாக்குனீங்க,” என்றான் பூபதி, கோபமில்லை, குழந்தையைச் சமாதானம் செய்கிற குரல். “ரெண்டு மாசமா நீங்கதானுங்க புடிவாதம் புடிச்சீங்க. கலியாணப் பொண்ணக் கட்டிக்குடுக்கற மாதிரி கடைசி நேரத்துல மனசு அடிச்சுக்குது, அவ்வளவுதானுங்க. ஆறுச்சாமி, எறக்குப்பா. அடுப்ப அணைச்சுட்டுத் தொட்டியக் கழுவோணும்.”

உண்மை நம்பும்படியாகவே இல்லை, அதுதான் வம்பு. கோதண்டபாணி அதை ஒரு கணம் வெளியிலிருந்து பார்த்தார், எதிர் தரப்பு வக்கீல் மாதிரி, யானையை வீழ்த்துகிற ஆயுதத்தை ரசச் சொம்பு ஈயத்தில் ஒட்டினானாம், அதற்கு மாறுகண் வேறு வைத்தானாம், எந்த மடையன் நம்புவான், இதை அவரே கட்டியிருந்தால் இவ்வளவு மோசமாகக் கட்டியிருப்பாரா, ஒரு பிடிமானம் வேண்டாமா, கேட்கிறவன் கையை வைக்க ஓர் இடம் வேண்டாமா, உண்மைக்கு வேலைப்பாடே தெரியவில்லை. சங்கிலி கடகட. குழலின் முனையில் ஆவி பட்டு வியர்த்தது. கத்தக்கூடாது. கத்துகிறவனை யாரும் நம்பமாட்டான், அது கதை சொல்லியின் முதல் பாடம், கதையைத் தள்ளக்கூடாது, தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கணும், அவனவன் தானாகக் குனிந்து எடுப்பான். கோதண்டபாணி மடியிலிருந்த கட்டையைக் காலடியில் இருந்த துப்பாக்கிப் பெட்டிக்குள் மெதுவாக வைத்தார். எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். “சரிப்பா, இறக்குங்க,” என்றார், பஸ் நேரம் விசாரிக்கிற குரலில், “நான் மட்டும் கொஞ்சம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்.”

“ஏனுங்?”

“ஒன்னுமில்ல. இத்தனை வருஷமா சுட்ட கார்டைட் மருந்து குழலோட உள்சுவர்ல படிஞ்சிருக்கும். அரவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில முப்பது வருஷம் அதைத்தானே பிழிஞ்சேன், சேமியா மாதிரி இருக்கும், பாவம், சாது. சூடும் காஸ்டிக்கும் சேர்ந்து பட்டாத்தான் கொஞ்சம்...” என்று கையால் காற்றில் ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு காட்டி, பிறகு யோசித்து, கையைக் கொஞ்சம் அகட்டினார். “பரவாயில்ல, தினமுமா வெடிக்குது,” என்று சொல்லி நடந்தார், திரும்பிப் பார்க்காமல்.

நாலு எட்டு வைத்திருப்பார். பின்னால் சங்கிலி நின்றது. அப்புறம் ஒரு செருப்புச் சத்தம், அப்புறம் எல்லாச் செருப்பும் சேர்ந்து, ‘ஓடுங்கடா’ என்று ஆறுச்சாமியின் குரல் அவரைத் தாண்டி முன்னால் போயிற்று, சாப்பாட்டு அடுக்கு உருண்டது, வாசலில் வாழைமரம் ஒன்று சாய்ந்தது, பட்டறை காலி. முப்பது வருஷம் அரவங்காட்டில் வேலை பார்த்தது நிஜம், அது ஒன்றுதான் நிஜம், ஒரு சிட்டிகை நிஜத்துக்கு எவ்வளவு பெரிய சட்டி கொதிக்கிறது பாருங்கள். கோதண்டபாணி திரும்பினார், ஓடினார், மூட்டு வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, சட்டம் தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தது, சாணா, அரைச் சாணா, சங்கிலியைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தார், எழும்பு என் தங்கமே, எழும்பு, கடகட, கடகட, வியர்வை கண்ணில், சட்டம் ஏறிற்று, ஆடிற்று, ஆடின ஆட்டத்தில் குழல் தொட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டியது, டங்... என்று ஒரே நாதம், பிசிறில்லாமல், பட்டறையின் தகரக்கூரை முழுக்க நிறைந்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஈயம் விட்டிருந்தால் ஓட்டைப்பானைச் சத்தம் வரும். விடவில்லை. கிழவனின் கைப்பிடி இன்னும் விடவில்லை. அவர் அங்கேயே நின்று அதைக் காதாலும் தாடையாலும் கேட்டார், உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஒருகணம் ட்ரஸ்காட் இந்தப் பக்கமும் தான் அந்தப் பக்கமுமாக ஒரு பெரிய மணியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி, அப்புறம் மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியை முறுக்கி முறுக்கி அவிழ்த்தார், சுட்டது, சுட்டால் என்ன, குழல் ரெண்டும் கனமாக, வெதுவெதுப்பாக, பிறந்த பிள்ளை மாதிரி அவர் கைக்குள் வந்து விழுந்தன.

“மாமாவ்!”

வாசலில் பூபதி. முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே போனவன் ஆட்களை எண்ணியிருக்கிறான், ஒருத்தர் குறைந்திருக்கிறார், திரும்ப ஓடி வந்திருக்கிறான், வெடிக்கப் போகிற தொட்டிக்குள், இரண்டு பிள்ளைகளின் அப்பன், யாரோ பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் தோள் தையல் கிழிந்திருக்கிறது. கோதண்டபாணி வாயைத் திறந்தார், அதற்குள் அவன் குனிந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து, நெல்மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஓடினான், துப்பாக்கியைப் பிடுங்கி எறியக்கூட நிற்கவில்லை, அவன் இதயம் அவர் விலாவில் அடித்தது, இவ்வளவு வேகமாக ஒரு இதயம் அடிக்க முடியுமா, டேய், டேய், இறக்குடா, ஒன்னுமில்லடா என்று அவர் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே போனார், காற்றில்தான் கரைந்தது. இறக்கி வைத்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில். பூபதி முட்டியில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கினான், மூச்சுக்கு நடுவில், “துப்பாக்கி போனாப் போகுதுங்... நீங்க... சுகந்திக்கு நா என்னன்னுங் சொல்றது...” என்றான், அவர் முழங்கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆறுச்சாமியும் மற்றவர்களும் டீக்கடைக்காரரும் அரைவட்டமாக நின்று அவர் கையிலிருந்த குழலைப் பார்த்தார்கள். கோதண்டபாணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாகப் பூபதியின் கிழிந்த தோளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏய், இது வெடிக்காதப்பா,” என்றார். “சத்தியமாச் சொல்றேன். நான் சும்மா சொன்னேன்.”

அத்தனை பேரும் இன்னும் ரெண்டடி பின்னால் போனார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பூபதி மட்டும் நகரவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.